வழிப்போக்கர் விட்டுச் சென்ற சொல்

வேளிமலையில் தோன்றும் வள்ளியாறு சமுத்திரத்தில் வந்து விழும் இடத்தருகே, தெற்கே முட்டத்துப் பாறைகளுக்கும் வடக்கே மணவாளக்குறிச்சியின் கருமணலுக்கும் நடுவில் அமைந்திருக்கிற கடியப்பட்டணம் என்னும் கடற்கரையூர், நாஞ்சில் நாட்டின் வயல்வளத்தைப் பாடுவோர் கண்ணில் பெரும்பாலும் படாத ஊர். நெல்லும் தென்னையும் உள்நாட்டின் செல்வம் என்றால் கட்டுமரமும் கரைமடியும் இவ்வூரின் செல்வம். ஆயினும் ஒரு பிரயாணி முன்பின் அறியாத மனிதர்களிடத்தே தன் விசுவாசத்தை எடுத்துச் சொல்வது என்ற காரியத்தின் சரித்திரத்தைத் தென்னாட்டில் தேடப் புகுவோன், எந்தப் பெரிய நகரத்தையும்விட முன்னதாக இந்த ஊரின் மணலில்தான் கால் வைக்க வேண்டியிருக்கும்.

1544-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையோரமாகச் சென்று மீனவரான முக்குவர் குலத்தாருக்கு ஞானஸ்நானம் வழங்கினார். பூவார் தொடங்கிக் கொல்லங்கோடு, வள்ளவிளை, தூத்தூர், பூத்துறை, தேங்காப்பட்டணம், இனயம், மிடாலம், வாணியக்குடி, குளச்சல், கடியப்பட்டணம், முட்டம், பள்ளம் என்று வரிசையாக நீளும் அந்த ஊர்ப்பெயர்களில் நம் ஊரும் ஒன்று. ஒரு மாதத்திற்குள் 10,000 பேருக்கு மேல் திருமுழுக்கு அளித்ததாக, 1545-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் தேதி கொச்சியிலிருந்து ரோமாபுரித் தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிடுகிறார்.

இந்தத் தொகையைக் கேட்டவுடன் பக்தர்கள் அதிசயித்து நிற்பதும், ஐயப்படுவோர் இதனை வெறும் அரசியல் என்று தள்ளுவதும் வழக்கமாயிருக்கின்றன. இரண்டும் அவசர முடிவுகள் என்பது என் அபிப்பிராயம். முத்துக்குளித்துறைப் பரதவர் 1535-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கூட்டமாகச் சமயம் மாறியிருந்தனர். வடுகப் படைகள் தெற்கே வந்து கரையோர மக்களைச் சூறையாடிக் கொண்டிருந்தன. வேணாட்டு மன்னர் உண்ணி கேரளவர்மருக்கோ போர்ச்சுக்கீசியரின் நேசம் தேவைப்பட்டது. இவற்றையெல்லாம் கண்டிருந்த முக்குவர், பரதவர் பெற்ற அரண் தங்களுக்கும் வேண்டுமென்று விரும்பியதில் வியப்பென்ன இருக்கிறது? உயர்குலத்தார் நடந்த வழியில் எதிர்ப்படவும் அஞ்சவேண்டியிருந்த ஒரு குலம், தன்னைத் தேடிக்கொண்டு வந்த அயலான் ஒருவனைக் கண்டபோது அவன் சொல்லுக்குச் செவி சாய்த்ததற்கு, அந்தச் சொல்லின் பொருள் ஒருபுறம் இருக்க, அவன் வந்தான் என்பதே பாதிக் காரணம்.

வந்தவர் எத்தகைய கருவிகளோடு வந்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1542-ஆம் ஆண்டு மே மாதம் கோவாவில் இறங்கிய அந்த நவாரா தேசத்துக் குருவுக்குத் தமிழ் வராது. இரு மொழியும் தெரிந்த சிலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெருமுயற்சி செய்து மந்திரங்களைத் தமிழில் பெயர்த்து, அவற்றை மனப்பாடம் பண்ணிக்கொண்டதே அவருடைய மொழியறிவு முழுவதும். துவிபாஷியாக இருந்தவன் நோயில் விழுந்த சமயம் ஒன்றில், தாம் சொல்வது ஜனங்களுக்கும் ஜனங்கள் சொல்வது தமக்கும் விளங்காத நிலையில் தம் பிரசங்கம் எப்படியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கும்படி நண்பர் மான்சிலாஸுக்கு எழுதுகிறார். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் துவிபாஷி வேண்டியதில்லை, ஏழை தன் தேவையைத் தெரிவிக்கவும் துவிபாஷி வேண்டியதில்லை என்ற கருத்தும் அதே கடிதத்தில் வருகிறது. மேல்நாட்டு அருட்பணியாளர் எழுதிய கடிதங்களுள் மிகுந்த மனத்தாழ்மை கொண்டது இதுவென்றே நான் கருதுகிறேன்.

கரையோரங்களில் அவர் கைக்கொண்ட முறையை, ரோமாபுரித் தோழர்களுக்கு எழுதிய அந்தக் கடிதத்தில் தம் கையாலேயே விவரித்திருக்கிறார். ஊருக்கு வந்தவுடன் ஆண்களையும் சிறுவர்களையும் ஓரிடத்தில் கூட்டுவார். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று சொல்லிச் சிலுவை அடையாளம் வரையச் செய்வார். பிறகு பாவ சங்கீர்த்தன மந்திரம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், பரமண்டல மந்திரம், மரியாயின் மந்திரங்கள் ஆகியவற்றை அவர்களுடைய பாஷையிலேயே உரத்த குரலில் ஓத, அவர்களும் அவரைப் பின்பற்றி ஓதுவார்கள். கிறிஸ்தவராக விரும்பாத அயலார் பார்த்துக்கொண்டிருக்க, வெளிப்படையாகப் பழைய வாழ்வுக்கு மன்னிப்புக் கேட்கச் சொல்வார். விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பிரிவையும் நம்புகிறீர்களா என்று கேட்க, மார்பின்மேல் கைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு நம்புகிறோம் என்பார்கள். ஞானஸ்நானம் முடிந்ததும் ஒவ்வொருவனுக்கும் அவன் பெயரை எழுதிக் கொடுப்பார். ஆண்கள் வீட்டுக்குச் சென்று மனைவியரையும் குடும்பத்தாரையும் அனுப்ப, அவர்களுக்கும் அவ்வாறே நடக்கும்.

பெயர் எழுதிக் கொடுத்த அந்தச் செய்கையை நான் மீண்டும் மீண்டும் நினைத்துப் பார்ப்பதுண்டு. மீனுக்கு வரி, வலைக்கு வரி, ஆளுக்கு வரி என்று கணக்கெழுதும் அதிகாரியின் ஏட்டிலன்றி வேறெங்கும் எழுத்தில் ஏறாத ஒரு மனிதனின் கையில், அவனுடைய புதுப்பெயரைத் தாங்கிய ஒரு துண்டு எழுத்து வந்து சேர்கிறது. அதை அவனால் வாசிக்க முடியாது. தன்னை ஒருவன் தனியாகக் கூப்பிட்டுப் பெயர் சொல்லி எழுதினான் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கானோரைக் கூட்டமாக மாற்றினார் என்று சவேரியாரைப் பற்றிச் சொல்லப்படுகிற இடத்திலேயே, அவர் ஒவ்வொருவராக நின்று பெயர் எழுதினார் என்ற செய்தியும் இருக்கிறது.

அதே கடிதத்தில் என் மனம் அவரோடு செல்ல மறுக்கும் இடமும் உண்டு. ஞானஸ்நானம் முடிந்தபின் பழைய வழிபாட்டு இல்லங்களை இடிக்கவும் விக்கிரகங்களை நொறுக்கவும் சொல்வதாகவும், நேற்றுவரை வணங்கியவர்களே அவற்றை நொறுக்கக் கண்டு தாம் கொள்ளும் ஆனந்தம் சொல்லில் அடங்காது என்றும் அவர் எழுதுகிறார். ஞானஸ்நானமின்றி ரட்சிப்பில்லை என்று மெய்யாகவே அஞ்சிய காலத்து மனிதர் அவர் என்பதை நான் அறிவேன்; அந்த அச்சத்தில் அன்பு கலந்திருந்தது என்பதையும் மறுக்கமாட்டேன். ஆயினும் ஒரு தலைமுறையின் பாட்டன் பாட்டி கைகூப்பி நின்ற உருவத்தைப் பேரன் உடைப்பதில் மகிழ்ச்சி காண்பது, அந்நியனிடம் பேசவந்த அன்பு தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்பதற்கு அடையாளம். கிறிஸ்தவ விசுவாசத்தை நேசிக்கிறவன் என்ற முறையிலேயே இதைச் சொல்லத் துணிகிறேன்.

சவேரியார் எந்த ஊரிலும் தங்கவில்லை. 1544 டிசம்பர் 18-ஆம் தேதியே கொச்சியிலிருந்து மான்சிலாஸுக்கு எழுதுகிறார். அதற்குப் பின் மலாக்கா, மொலுக்கஸ் தீவுகள், ஜப்பான் என்று பிரயாணம் நீண்டு, 1552-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி சீனத்தின் வாயிலில் உள்ள சான்சியன் தீவில் முடிந்தது. கடியப்பட்டணத்தார் அவரைக் கண்டது சொற்ப காலமே. அப்படியானால் விசுவாசம் இங்கே எப்படி வேரூன்றிற்று? ஒவ்வோர் ஊரிலும் மந்திரங்களை எழுத்தில் விட்டுச் சென்றார். காலையும் மாலையும் அவற்றை ஓதும்படி ஏற்பாடு செய்தார். பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஊர்தோறும் ஆசானை அமர்த்தும்படி பின்வந்தோரிடம் சொன்னார். அவருடைய கடிதங்களில் அடிக்கடி காணும் கணக்கப்பிள்ளை என்னும் பதவி அத்தகையது. கோவிலில் ஜெபம் சொல்லிக் கொடுப்பவர், சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் தருபவர், கலியாணத்திற்கு முன் மணமக்களின் உறவுமுறையை விசாரிப்பவர், இழவு வீட்டில் முன்னின்று மந்திரம் சொல்பவர் எல்லாம் அவரே. போர்ச்சுக்கல் நாட்டு ராணியின் பாதரட்சைச் செலவுக்காக முத்துக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த பணத்தை, இத்தகைய உபதேசிமாரின் சம்பளத்திற்குச் சவேரியார் கேட்டுப் பெற்றார் என்பது அவர் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அவருக்குப் பின்வந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார் தமிழை முறையாகக் கற்று, 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டபோது, மனப்பாடமாக வந்த மந்திரங்கள் அச்சேறின.

காசா போகும் பாதையில் ரதத்திலிருந்து வேதாகமம் வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரியிடம் பிலிப்பு ஓடிச்சென்று பேசிய கதை, அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிறது. அங்கே கேட்டவன் பிரயாணி. அவன் தன் தேசத்துக்குப் போய்விடுகிறான். நம் கரையில் சொன்னவர் பிரயாணி. கேட்டவர்கள் அதே மணலில் இருந்து, பெற்றதைப் பிள்ளைக்கும் பேரனுக்கும் கொடுத்தார்கள். கடியப்பட்டணத்துக் கோவில் இன்றைக்குப் பேதுரு, பவுல் என்னும் இருவர் பெயரில் நிற்கிறது: ஒருவர் மீன்பிடித்தவர், ஒருவர் ஓயாமல் பிரயாணம் செய்தவர். இந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான இரு பாதுகாவலரை நினைக்க முடியவில்லை.

இரு நூற்றாண்டுகள் கழிந்து, இவ்வூரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க குளச்சலில், 1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி மார்த்தாண்டவர்மரிடம் டச்சுக்காரர் தோற்றனர். துடுப்புகளைத் தோளில் சாய்த்துத் துப்பாக்கிபோலத் தோன்றும்படி முக்குவர் கரையில் அணிவகுத்து நின்று மன்னருக்கு உதவினர் என்பது இக்கரையோரத்தின் கர்ண பரம்பரை. பிடிபட்ட தளபதி டி லன்னாய் மன்னரின் சேவையில் அமர்ந்து, உதயகிரியில் படைக்குப் பயிற்சி கொடுத்தார். பத்மநாபபுரம் அரண்மனை ஊழியரான நட்டாலம் நீலகண்ட பிள்ளை குடும்பக் கஷ்டத்தால் மனம் நொந்திருந்தபோது, அந்த அந்நியர் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சரித்திரத்தை அவருக்குச் சொன்னார். இங்கே கூட்டமில்லை, பாதுகாப்பு வாக்குறுதியில்லை. தாயகத்தை இழந்தவன் ஒருவன், மனவமைதியை இழந்த மற்றொருவனோடு பேசினான், அவ்வளவே. வடக்கன்குளத்தில் 1745-ஆம் ஆண்டு தேவசகாயம் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்ற பிள்ளை, 1749-இல் சிறைப்பட்டு, எருமைமீது ஏற்றப்பட்டு ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டு, 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டு மாண்டார். அவமானத்திற்காக நடத்தப்பட்ட அந்தப் பிரயாணத்திலும், பெருவிளையில் மரத்தடியில் கட்டிவைக்கப்பட்டிருந்த காலத்திலும், வேடிக்கை பார்க்க வந்தோர் அவரிடம் நின்று பேசிப் போனதாகச் சொல்வார்கள். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் தேதி ரோமாபுரியில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

சீர்திருத்தச் சபையாரின் வரலாறும் இந்நாட்டில் ஒரு பிரயாணத்தோடுதான் ஆரம்பமாகிறது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், 1799-ஆம் ஆண்டளவில் சிதம்பர யாத்திரை புறப்பட்டவர், தஞ்சாவூரில் கோலாப் பாதிரியாரின் போதனையைக் கேட்டு வேதமாணிக்கமாகத் திரும்பினார். கேட்டதை உறவினர்க்குச் சொல்லிக் கொண்டிருந்ததோடு அமையாமல், தம் ஜனங்களுக்கு ஒரு குருவையும் அவரே வேண்டி அழைத்தார். ரிங்கல்தௌபே 1806-இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்தது அந்த அழைப்பின் பேரில்தான்.

இவ்வளவு நெடிய உறவுள்ள நிலத்திலும், 1982-ஆம் ஆண்டு மார்ச் மாதம், கடியப்பட்டணத்திற்கு அண்டையிலுள்ள மண்டைக்காட்டில் பகவதியம்மன் கொடைவிழாக் காலத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவருக்கும் இடையே மூண்ட கலவரம் துப்பாக்கிச் சூட்டிலும் உயிர்ச்சேதத்திலும் முடிந்து, கரையோரத்தாரையும் உள்நாட்டாரையும் பகைவராக்கிற்று. நீதிபதி வேணுகோபால் தலைமையில் அரசாங்கம் விசாரணை ஆணையம் அமைத்தது. அந்த நாட்களில் சைவத் திருமடம் ஒன்றின் தலைவரான குன்றக்குடி அடிகளார், காவியுடையும் உருத்திராக்கமுமாகப் புறப்பட்டு வந்து, கிறிஸ்தவ மீனவரிடமும் இந்துக்களிடமும் மாறிமாறிச் சென்று சமாதானம் பேசினார். எவரையும் தம் சமயத்திற்கு அழைக்க அவர் வரவில்லை. தாம் நம்பியதை மறைத்துக்கொண்டும் வரவில்லை. சகல சமயத்தாரும் சேர்ந்திருந்து பேசத்தக்க திருவருட் பேரவை என்னும் அமைப்பு உருவாக அந்தப் பணியே காரணமாயிற்று.