குளத்து நீரும் கோட்டைச் சட்டமும்

1832ஆம் ஆண்டு, கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபார்சின்படி, இலங்கையில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. மனிதனை விடுவித்த நற்செயல் அது. ஆனால், ஊரார் கூடிக் குளக்கட்டைத் திருத்தும் கடமையும் அதனுடன் சேர்ந்தே அறுந்தது. வாய்க்கால் வெட்ட வராதவனைக் கேட்பதற்கு எவருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. ஏற்கெனவே நலிந்திருந்த குளங்கள் மேலும் தூர்ந்தன.

1855இல் தேசாதிபதியாக வந்த சேர் ஹென்றி வார்ட் இதனை உணர்ந்தார். மறு ஆண்டே வயல் நீர்ப்பாசனத்துக்கெனக் கட்டளைச் சட்டமொன்று பிறந்தது. அது புதிய விதிகளைத் திணிக்கவில்லை. பழைய வழக்கங்களுக்கே சட்டவலு அளித்தது. காணிக்காரர் கூடிப் பெரும்பான்மையாக முடிவெடுக்கலாம். நீர்ப் பிணக்குகளை ஊர்ச்சபையே விசாரிக்கலாம். 1946இன் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்திலும் இந்த மரபு தொடர்ந்தது. போகத்துக்கு முன் விவசாயிகளைக் கூட்டி விதைப்புத் திகதியையும் நீர் திறக்கும் நாளையும் தீர்மானிக்கும் வழக்கம் இன்றும் நிலைத்திருக்கிறது.

2000ஆம் ஆண்டில் வந்த தேசிய நீர்வளக் கொள்கையோ வேறு வழியில் சென்றது. நீருக்கு உரிமப் பத்திரம் வழங்குவது பற்றி அது பேசியது. தண்ணீருக்கு விலை குறிக்கப்போகிறார்கள் என விவசாயிகள் கொதித்தெழுந்தனர். அக்கொள்கை சட்டமாகவில்லை.

கொழும்பில் எழுதப்படும் சட்டம் குளக்கட்டில் நிற்பவனைக் கேட்டு எழுதப்பட்டால் நிலைக்கும். கேளாமல் எழுதினால் காகிதத்திலேயே கிடக்கும்.