நாய் கடித்தால் யார் பணம் கட்டுவது?

ரொறன்ரோவில் இருக்கும் அக்கா போன மாதம் தொலைபேசியில் கேட்டா: "தம்பி, வீட்டுக் காப்புறுதிக்காரங்க நாய் இருக்கா, ஆரையும் கடிச்சிருக்கா எண்டு கேக்குறாங்க. இல்லையெண்டு எழுதட்டா?"

2006இல் வெருகலை விட்டு வாகரைப் பக்கம் ஓடியபோது, வளர்த்த நாயை அவிழ்த்துவிட்டு அழுதுகொண்டு வந்தவ அவ. இப்போது வளர்ப்பது ஒருமுறை தபால்காரரைக் கடித்திருக்கிறது.

மறைக்க வேண்டாம் என்றேன். ஒன்ராறியோவின் நாய் உரிமையாளர் பொறுப்புச் சட்டப்படி, நாய் கடித்தால் வளர்ப்பவர் நட்டஈடு கொடுக்க வேண்டும். அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று கடிபட்டவர் நிரூபிக்கத் தேவையில்லை. அந்தப் பணம் பெரும்பாலும் வீட்டுக் காப்புறுதியில் இருந்தே போகிறது. பொய் சொல்லி எடுத்த காப்புறுதியை நிறுவனம் தேவைப்படும் நாளில் மறுக்கலாம்.

கட்டணம் போடும் கணக்கு இரண்டு கேள்விகளில் தொடங்குகிறது. இழப்பீடு கேட்டு எத்தனை பேர் வருவார்கள்? வந்தால் சராசரி எவ்வளவு போகும்? அமெரிக்காவில் 2023இல் நாயால் ஏற்பட்ட காயங்களுக்காக 19,062 கோரிக்கைகள். கொடுத்தது ஏறத்தாழ 1,120 மில்லியன் டொலர். ஒன்றுக்குச் சராசரி 58 ஆயிரத்துக்கு மேல். வைத்தியச் செலவு, சட்டத்தரணி, பிள்ளையின் முகத்தில் நிற்கும் தழும்பு எல்லாம் அதற்குள் அடக்கம்.

சில நிறுவனங்கள் நாயின் இனத்தைப் பார்த்தே மறுத்துவிடும். நியூயோர்க் மாநிலம் 2021இல் அதைத் தடைசெய்தது. சரியென்றே நினைக்கிறேன், இனத்தைவிட முன்பு கடித்ததா என்பதே பெரிய சாட்சி. கடித்த நாய்க்குக் கட்டணம் கூடும், அல்லது நாயை மட்டும் விலக்கி எழுதுவார்கள். ஜேர்மனியின் நீடர்சாக்சன் மாநிலத்தில் 6 மாதம் கடந்த நாய்க்கெல்லாம் பொறுப்புக் காப்புறுதி கட்டாயம்.

இலங்கையிலும் 1893இல் நீர்வெறுப்பு நோய்ச் சட்டம், 1901இல் நாய்ப் பதிவுச் சட்டம் வந்துவிட்டன. ஆனால் வெருகலில் காப்புறுதி என்றால் வயலும் மோட்டார் சைக்கிளும்தான். நாய்க்கு எடுத்தவரை நான் கண்டதில்லை.

போன வருடம் என் நாய் பக்கத்து வீட்டுப் பையனைக் கடித்தது. காயத்தைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அரச ஆஸ்பத்திரியில் தடுப்பூசி இலவசம். ஓட்டோக் காசு நான் கொடுத்தேன், கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். ஒவ்வொரு ஊசிக்கும் தாய் ஒருநாள் கூலியை விட்டிருக்கிறா. அவ கேட்கவுமில்லை.

அக்காவோடு பேசிய பிறகு அந்தக் கூலியைக் கொண்டுபோனேன். வாங்க மறுத்தா. பையனின் கொப்பிகளுக்கென்று வைத்துவிட்டு வந்தேன்.