சாண எரிவாயுவும் அரசு மானியமும்

சாண எரிவாயுவுக்குக் கொடுத்த மானியம் வீண் என்பவர்கள் அதன் வரலாற்றைப் பார்க்க வேண்டும். ஜஷ்பாய் படேல் 1950-களில் உருவாக்கிய கலனை, 1960-களில் காதி கிராமத் தொழில் ஆணையம் ஊர்களுக்குக் கொண்டுசென்றது. சாணக் கரைசலில் மிதந்த அதன் இரும்பு மூடி துருப்பிடித்தது, அடிக்கடி பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது, விலையும் அதிகம். 1978-இல் ஜனதா, 1984-இல் தீனபந்து என வந்த குவிமாடக் கலன்கள் அந்த இரும்பையே ஒழித்தன. சந்தை இலாபம் காணாத இந்த ஆராய்ச்சியைத் தாங்கியது பொதுப்பணமும் தொண்டு நிறுவனங்களின் உழைப்பும்தான்.

பல கலன்கள் பழுதாகிக் கிடந்தனவே என்பார்கள். உண்மைதான். ஆனால், 1981-82-இல் தொடங்கிய தேசியத் திட்டம் கட்டிய எண்ணிக்கையையே இலக்காக்கியது, பராமரிப்பு பின்தங்கியது. அதற்கு மருந்து மானியத்தை நிறுத்துவதல்ல. எரியும் அடுப்பைக் கணக்கிட்டு, பழுதுபார்க்கும் கொத்தனாருக்கும் நிதி ஒதுக்குவதே.