பிளாக் மிரர் (தொலைக்காட்சித் தொடர்)

பிளாக் மிரர் என்பது ஆங்கில எழுத்தாளர் சார்லி புரூக்கர் உருவாக்கிய பிரித்தானிய அறிபுனைத் தொலைக்காட்சித் தொடராகும். 2011 டிசம்பர் 4 அன்று ஐக்கிய இராச்சியத்தின் சேனல் 4 தொலைக்காட்சியில் தொடங்கிய இத்தொடர், 2016 முதல் நெட்ஃபிளிக்ஸ் வழியாக வெளியிடப்படுகிறது. இது ஒரு தொகுப்புத் தொடர். அதாவது, ஒவ்வொரு பகுதியும் தனிக்கதையாகும். கதைமாந்தரும் நடிகர்களும் களமும் பகுதிக்குப் பகுதி மாறும். இன்று நாம் பயன்படுத்தும் கருவி இன்னும் ஓரிரு படிகள் முன்னேறினால் மனித உறவுகள் என்னவாகும் என்பதே பெரும்பாலான பகுதிகளின் பொதுக் கேள்வியாகும்.

பெயர்க் காரணம்

தொலைக்காட்சி, கணினி, கைபேசி ஆகியவற்றின் திரை அணைந்திருக்கும்போது கறுப்புக் கண்ணாடி போலத் தோன்றி, பார்ப்பவரின் முகத்தையே காட்டுகிறது. தலைப்பு இதனையே குறிக்கிறது. தொடக்கக் காட்சியில் அக்கண்ணாடி விரிசல் விடுவதையும் காணலாம்.

வரலாறு

ராட் செர்லிங் 1959 முதல் 1964 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வழங்கிய "தி டுவைலைட் சோன்" தொடரே புரூக்கருக்கு முன்மாதிரியாக அமைந்தது. அன்னபெல் ஜோன்சு அவருடன் இணைந்து நீண்டகாலம் தயாரிப்புப் பொறுப்பை ஏற்றார். சேனல் 4 தொலைக்காட்சியில் 2011, 2013 ஆகிய ஆண்டுகளில் மும்மூன்று பகுதிகளும், 2014 டிசம்பரில் ஒரு சிறப்புப் பகுதியும் ஒளிபரப்பாயின. நெட்ஃபிளிக்சுக்கு மாறிய பின்னர் 2016, 2017, 2019, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் புதிய பருவங்கள் வந்தன. ஏழாம் பருவம் முடிய மொத்தம் 33 பகுதிகள். இவை தவிர, கதை செல்லும் வழியைப் பார்வையாளரே தேர்ந்தெடுக்கும் "பேண்டர்சுனாட்ச்" என்னும் படம் 2018இல் வெளியானது. "சான் ஜூனிப்பெரோ" (2016), "யூ.எஸ்.எஸ். காலிஸ்டர்" (2017), "பேண்டர்சுனாட்ச்" ஆகிய மூன்றும் சிறந்த தொலைக்காட்சிப் படத்துக்கான எமி விருதை அடுத்தடுத்த ஆண்டுகளில் பெற்றன.

கதைகளின் இயல்பு

தொழில்நுட்பத்தின் தீமைகளைக் கூறும் தொடர் என்றே இது பொதுவாக அறிமுகப்படுத்தப்படுகிறது. அது முழுமையான விளக்கமன்று. இயந்திரம் பழுதாகி மனிதரைத் தாக்கும் கதைகள் இதில் குறைவே. பெரும்பாலான பகுதிகளில் கருவி மிகச் சரியாக இயங்குகிறது. மென்பொருள் சோதனையாளர் ஒருவரை அமர்த்தினால் அவரால் ஒரு வழுவைக்கூடக் கண்டுபிடிக்க இயலாது. தேவைப் பட்டியலில் எழுதியவை அனைத்தும் நிறைவேறியிருக்கும். கேடு விளைவது அப்பட்டியலை எழுதியவராலும் கருவியைக் கையில் வைத்திருப்பவராலும்தான்.

முதல் பகுதியான "தி நேஷனல் ஆந்தம்" கதையில் எதிர்காலக் கருவி எதுவுமே இல்லை. அரச குடும்பத்துப் பெண்ணைக் கடத்தியவன், பிரதமர் நேரலையில் ஓர் இழிசெயலைச் செய்ய வேண்டுமெனக் கோருகிறான். ஒளிபரப்புக்கு அரைமணி நேரம் முன்னரே அப்பெண் விடுவிக்கப்படுகிறாள். ஊரே திரைமுன் அமர்ந்திருந்ததால், வெறிச்சோடிய தெருவில் நின்ற அவளை எவரும் கவனிக்கவில்லை.

"தி என்டயர் ஹிஸ்டரி ஆஃப் யூ" (2011) பகுதியில் காதுக்குப் பின்னால் பதிக்கப்படும் சிறு கருவி, கண்ட காட்சி அனைத்தையும் சேமிக்கிறது. மனைவி மீது ஐயம் கொண்ட கணவன் பழைய விருந்துக் காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறான். அவன் ஐயம் உண்மை என்பது தெரிகிறது, குடும்பம் கலைகிறது. "நோஸ்டைவ்" (2016) கதையில் சந்திக்கும் ஒவ்வொருவரும் மற்றவருக்கு ஐந்துக்கு மதிப்பெண் இடுகின்றனர். வீட்டு வாடகைச் சலுகைக்காக 4.2இலிருந்து 4.5ஐ எட்ட முயலும் பெண் சிறையில் முடிகிறாள். தாம்பரத்திலிருந்து காட்டாங்குளத்தூருக்கு வாடகை மகிழுந்து பிடிப்பவர் இறங்கியதும் ஓட்டுநருக்கு இடும் நட்சத்திரங்களை எண்ணினால் இக்கதையின் தொலைவு எவ்வளவு என்பது விளங்கும்.

அண்மைப் பகுதிகளில் "காமன் பீப்பிள்" (2025) தனித்துக் குறிப்பிடத்தக்கது. மூளைக் கட்டியால் வீழ்ந்த ஆசிரியை ஒருவரின் மூளைச் செயற்பாட்டை ஒரு நிறுவனம் தன் வழங்கிக் கணினியிலிருந்து இயக்குகிறது. அறுவை இலவசம், மாதச் சந்தா 300 டாலர். பின்னர் கட்டணத் திட்டங்கள் மாறுகின்றன. சேவை எல்லையைத் தாண்டினால் அவர் மயங்கி விழுகிறார். மலிவான திட்டத்தில், தாம் அறியாமலேயே, பேச்சின் நடுவே விளம்பரம் சொல்கிறார். அதனால் வேலையும் போகிறது. கட்டுமானத் தொழிலாளியான கணவர் பணத்துக்காக இணையத்தில் தம்மையே இழிவுபடுத்திக்கொள்கிறார். சந்தா செலுத்தி மென்பொருள் பயன்படுத்தும் எவருக்கும் இதில் ஒவ்வொரு படியும் பழக்கமானது. மென்பொருளின் இடத்தில் உயிர் இருப்பதே வேறுபாடு.

தமிழ்ச் சூழலில்

"பி ரைட் பேக்" (2013) கதையில், விபத்தில் இறந்த காதலனின் செய்திகளையும் குரலையும் கொண்டு உருவாக்கப்பட்ட செயலியுடன் காதலி உரையாடுகிறாள். பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 2024இல் வெளியான "லால் சலாம்" திரைப்படத்தின் "திமிரி எழுடா" பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவு மூலம் பயன்படுத்தினார். குடும்பத்தாரின் இசைவு பெற்று, ஊதியமும் வழங்கியதாக அவர் அறிவித்தார். அதே ஆண்டு பவதாரிணியின் குரலும் அவர் மறைவுக்குப் பின் ஒரு திரைப்பாடலில் இவ்வாறே ஒலித்தது. 2018இல் மறைந்த மு. கருணாநிதியின் செயற்கை உருவம் உரையாற்றும் காணொளிகளும் 2024இல் மேடைகளில் திரையிடப்பட்டன. பாடலுக்கு வாரிசுகளின் இசைவு கேட்கலாம். அரசியல் உரையில், சொல்லாத கருத்துக்கு இறந்தவரின் இசைவை யாரிடம் கேட்பது என்பதற்கு விடை இல்லை.

தமிழில் இத்தகைய தொகுப்புத் தொடர் பெயர் சொல்லும்படி வரவில்லை. நெருங்கிய படைப்பு, ஆனந்த விகடனில் 1980களில் தொடராக வந்த சுஜாதாவின் "என் இனிய இயந்திரா" புதினமாகும். தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பயின்று, பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்ற பொறியாளர் அவர். 2021ஆம் ஆண்டு வாக்கில் நிகழும் அக்கதையில், ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். பிளாக் மிரரின் "மெட்டல்ஹெட்" (2017) பகுதியில் வரும் இயந்திர நாய் மனிதரை இடைவிடாது துரத்திக் கொல்கிறது. சுஜாதாவின் இயந்திர நாயான ஜீனோ புத்தகம் படிக்கிறது, வாதாடுகிறது, நிலா என்னும் பெண்ணுக்குத் துணை நின்று ஆட்சியை எதிர்க்கிறது. இப்புதினம் பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பானது. இதன் தொடர்ச்சி "மீண்டும் ஜீனோ" ஆகும்.