நியாயவாதி தாமோதரம்பிள்ளை

சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களைப் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய பெரியாரென நம்மவர் யாவரும் அறிவர். ஏடு தேடுவதற்கும் அச்சுக்கூலிக்கும் பணம் எங்கிருந்து வந்ததென்று வினாவுவோர் மிகச் சிலரே. அவர் உத்தியோகத்தராயும் வழக்கறிஞராயும் நீதிபதியாயும் வாழ்ந்த வாழ்வு பதிப்புப் புகழின் நிழலில் மறைந்துகிடக்கிறது. அதனையே ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

1832ஆம் ஆண்டு செப்ரெம்பர் 12ஆம் திகதி பிறந்த இவர், வட்டுக்கோட்டைச் செமினறியிற் கற்று, 1852இற் கோப்பாயில் ஆசிரியரானார். பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பு இவரைச் சென்னைக்குக் கொண்டுசென்றது. அங்கே ‘தினவர்த்தமானி’ப் பத்திரிகையை நடத்தினார். சென்னைச் சர்வகலாசாலை முதன்முதல் நடத்திய பீ. ஏ. பரீட்சையிலே தேறியவர் இருவர், மற்றவர் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர், இருவரும் வட்டுக்கோட்டையிற் பயின்றவர். இதனைச் சொல்லும்போது நமக்குச் சிறிது பெருமிதம் உண்டாவதை மறைப்பானேன்?

பின்பு கள்ளிக்கோட்டையில் ஆசிரியத் தொழில். அதன்பின் சென்னை அரசாங்க வரவு செலவுக் கணக்குச் சாலையில் உத்தியோகம். கணக்குப் பார்த்துக்கொண்டே சட்டம் படித்து, 1871இல் பீ. எல். பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பதை எட்டிக்கொண்டிருந்தது. முப்பது வயதிலேயே இனிப் படிப்பெதற்கு என்று சோரும் நம் இளைஞர் சிலர் இதனைக் கவனிப்பாராக.

உத்தியோகத்தை விட்டபின் சென்னையிலே தங்கிப் பெருவழக்குகளை நாடாமல், காவிரிக்கரைக் கும்பகோணத்துக்குச் சென்று வழக்காடலானார். நம் நாட்டில் முன்னர் அப்புக்காத்து என்றும் நியாயதுரந்தரர் என்றும் வழங்கிய தொழிலை அவ்வூர் நீதிமன்றிலே நடத்தினார். சென்னையை நோக்கச் சிறிய ஊரேயாயினும், மடங்களும் வித்துவான்களும் ஏட்டுச்சுவடிகளும் சூழ்ந்த ஊர் அது. அங்கே வாழ்ந்த காலத்திலேதான் 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும் 1887இற் கலித்தொகையும் வெளிவந்தன. எட்டுத்தொகையுள் முதன்முதல் அச்சேறியது கலித்தொகையே.

ஏடுகள் தொட்டவிடத்தில் ஒடிந்தும் செல்லரித்தும் இருந்த நிலையைப் பதிப்புரைகளிலே அவர் உருக்கமாக எழுதியுள்ளார். ஒன்றுக்கொன்று மாறுபடும் சாட்சிகளை நிறுத்தி உண்மை தேறுவது நியாயவாதியின் நாளாந்த வேலை. ஒன்றுக்கொன்று மாறுபடும் ஏடுகளை ஒப்பிட்டுப் பாடந் தேறுவதும் அத்தகையதே. பழகிய கண்ணும் பழகிய பொறுமையும் இரண்டிடத்தும் உதவின என்றே நாம் கருதுகின்றோம். தீர்ப்புச் சில வேளை பிழைப்பதுமுண்டு. பொருளதிகாரத்தின் இறுதி நான்கியல்களின் உரையையும் நச்சினார்க்கினியருடையதென்றே அச்சிட்டார். அது பேராசிரியர் உரையெனப் பின்வந்தோர் காட்டினர். ஆயினும் நூல் அச்சிலே கிடைத்தபடியாற்றானே அவர்களால் அதனைக் காட்ட முடிந்தது! ஏடு மண்ணாய்ப் போயிருந்தால் எவர் எதைத் திருத்துவது?

அதே கும்பகோணத்துக் கல்லூரியிலே அக்காலத்திற் தமிழ்ப் புலமை நடத்தியவர் உ. வே. சாமிநாதையர். அவர் ஆராய்ந்துகொண்டிருந்த சீவகசிந்தாமணியைத் தாம் பதிப்பிக்கத் தரும்படி பிள்ளையவர்கள் வற்புறுத்திக் கேட்டார். ஐயர் இணங்கவில்லை, 1887இல் தாமே அதனை வெளியிட்டார். கேட்டவர்மீதும் மறுத்தவர்மீதும் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. இருவருக்கும் நூலின்மீது இருந்த ஆசை ஒன்றே.

1887இற் புதுக்கோட்டைச் சமஸ்தானம் பிள்ளையவர்களை நீதிபதியாக்கியது. மன்னர் இளவயதினராக, சேஷையா சாஸ்திரியார் ஆட்சியை நடத்திய காலம் அது. மூன்றாண்டு அப்பதவியிலிருந்து 1890இல் ஓய்வுபெற்றார். நீதிபதியாயிருந்தபோதும் பதிப்பு வேலையை விடவில்லை. சூளாமணி 1889இல் வெளிவந்தது. அரசாங்கம் 1895இல் ராவ்பகதூர் பட்டம் அளித்தது.

உழைத்துத் தேடிய பொருளில் ஒரு பங்கு நம் நாட்டுக்கும் வந்தது. ஏழாலையிலே அவர் நிறுவிய சைவப் பாடசாலையிற் சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் ஆசிரியராயிருந்து கற்பித்தார். மிகுதியை அச்சுக்கூடம் விழுங்கியது. வாங்குவார் குறைந்த நூல்களுக்குக் கைப்பணத்தைக் கொட்டி நட்டப்பட்டார்.

சென்னைப் புரசைவாக்கத்தில் 1901ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி பிள்ளையவர்கள் காலமானார்கள். பரிதிமாற் கலைஞர் இரங்கிப் பாடினார். அன்று சிந்தாமணியைக் கொடுக்க இணங்காத சாமிநாதையரும் இரங்கிப் பாடினார்.