இரு பொருளிலும் ஆசிரியர்: அறிஞர் சித்தி லெப்பை

 

நம் தமிழ் மொழியில் ‘ஆசிரியர்’ என்னும் சொல்லுக்கு இரண்டு வழக்குகள் உண்டு. பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பவரும் ஆசிரியரே. பத்திரிகையை நடத்துபவரும் ஆசிரியரே. இவ்விரு பணிகளையும் ஒருவரே செய்வது அரிது. அவ்விரண்டையும் ஒரே பணியாகக் கருதிச் செய்தவர் அதனினும் அரியர். அத்தகைய அரியவர்களுள் ஒருவரே இலங்கையின் கண்டி நகரில் தோன்றிய மர்ஹூம் முஹம்மது காசிம் சித்தி லெப்பை அவர்கள். பள்ளிக்கூடத்தின் வாசலையே மிதிக்கத் தயங்கிய ஒரு சமுதாயத்திற்கு, வாரந்தோறும் வெளிவந்த ஓர் ஏட்டையே பள்ளிக்கூடமாக ஆக்கித் தந்தவர் அவர். அன்னாரின் வாழ்வை நினைவுகூர்வது நமக்குப் பல வகையிலும் பயனளிக்கும்.

கண்டி நகரின் வழக்கறிஞர்

சித்தி லெப்பை அவர்கள் 1838ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் பிறந்தார்கள். இலங்கை முஸ்லிம்களில் முதன்முதலாக ‘புரொக்டர்’ எனப்படும் வழக்கறிஞர் தகுதியைப் பெற்றவர்களுள் அவர்களின் தந்தையும் ஒருவர். மார்க்கப் பற்றும் கல்விச் செல்வமும் ஒருங்கே அமைந்த இல்லத்தில் வளர்ந்த காரணத்தால், அரபு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளையும் இளமையிலேயே கற்றுத் தேர்ந்தார்கள். இம்மூன்று மொழிகளும் பிற்காலத்தில் அவர்களுக்கு மூன்று வாசல்களாக அமைந்தன. அரபின் வழியாக மார்க்க ஞானமும் மத்திய கிழக்கின் செய்திகளும், ஆங்கிலத்தின் வழியாக ஆட்சியாளர்களின் சட்டமும் புத்துலகின் அறிவும் அவர்களிடம் வந்து சேர்ந்தன. அங்ஙனம் வந்தவற்றைத் தம் மக்களிடம் கொண்டு சேர்க்கத் தமிழ் துணை நின்றது.

தந்தையின் வழியைப் பின்பற்றி 1862ஆம் ஆண்டில் வழக்கறிஞரானார்கள். கண்டி மாநகர சபையிலும் அங்கம் வகித்தார்கள். பொருளும் மதிப்பும் தாமாகத் தேடி வந்த காலம் அது. அத்தொழிலிலேயே நிலைத்திருந்தால் செல்வந்தராக வாழ்ந்து மறைந்திருப்பார்கள். இன்று நாம் அவர்களைப் பற்றி எழுதவும் மாட்டோம். ஆயினும் நீதிமன்றத்தில் நாள்தோறும் கண்ட காட்சிகள் அவர்களைச் சிந்திக்க வைத்திருக்க வேண்டும். தன் கையொப்பமிடும் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அறியாத மனிதன், எவ்வளவு நேர்மையாளனாக இருந்தாலும் பிறர் தயவில் வாழ்பவனே அல்லவா?

அன்றைய சமுதாய நிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலங்கையில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷனரிகளின் கையில் இருந்தது. பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை மார்க்கத்தை விட்டு விலகிவிடுவானோ என்னும் அச்சம் முஸ்லிம் பெற்றோரிடம் வேரூன்றியிருந்தது. அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஈமானைக் காக்கும் கவலையே அதன் அடிப்படை. ஆனால் அதன் விளைவோ கடுமையாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் (1822 - 1879) அவர்கள் சைவப் பிள்ளைகளுக்கெனப் பள்ளிகளையும் அச்சகத்தையும் நிறுவினார். 1880இல் இலங்கை வந்த கர்னல் ஆல்காட் பௌத்தர்களுக்கெனப் பள்ளிகள் தோன்றத் துணை நின்றார். வட இந்தியாவில் சர் சையித் அஹ்மத் கான் அவர்கள் 1875இல் அலிகாரில் கல்விக்கூடத்தைத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு சமுதாயமும் தன் சமயத்தையும் காத்து, புதிய கல்வியையும் பெற வழி தேடிக்கொண்டிருந்த அவ்வேளையில், இலங்கை முஸ்லிம்கள் வணிகத்தையும் வேளாண்மையையும் நம்பி ஒதுங்கியிருந்தனர்.

பள்ளியைக் கட்டினால் பிள்ளைகள் வருவார்களா என்பது முதற்கேள்வி. வரவேண்டுமாயின் பெற்றோரின் மனம் மாற வேண்டும். பெற்றோரை வகுப்பறையில் உட்கார வைக்க முடியாது. அவர்களுக்குப் பாடம் நடத்த வேறொரு வகுப்பறை தேவைப்பட்டது. அதுவே ‘முஸ்லிம் நேசன்’.

வாரந்தோறும் ஒரு பாடம்

1882ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ‘முஸ்லிம் நேசன்’ வார இதழின் முதல் ஏடு வெளிவந்தது. ‘நேசன்’ என்ற பெயரே சிந்தனைக்குரியது. கையில் பிரம்பு ஏந்திய உஸ்தாதாக அன்றி, தோளில் கைபோட்டு நலம் விசாரிக்கும் நண்பராகவே அவ்வேடு தன்னை அறிமுகப்படுத்திக் கொண்டது. கல்வியின் தேவையே அதன் நீங்காத பொருள். மார்க்கக் கல்விக்கும் உலகக் கல்விக்கும் பகை இல்லை என்பதை வாரந்தோறும் வெவ்வேறு கோணங்களில் எடுத்துரைத்தது. துருக்கி, எகிப்து முதலிய நாடுகளின் செய்திகளையும் தாங்கி வந்தது. சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்னும் கோரிக்கைக்கும் குரல் கொடுத்தது. 1889ஆம் ஆண்டில் எம்.சி. அப்துல் ரஹ்மான் அவர்கள் இலங்கைச் சட்டசபையின் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்கள்.

கடல் தாண்டியும் அவ்வேட்டிற்கு வாசகர்கள் இருந்தனர். தென்னிந்தியாவின் தமிழ் முஸ்லிம்களிடமும், சிங்கப்பூர், பினாங்கு ஆகிய துறைமுகங்களில் வணிகம் செய்த நம் மக்களிடமும் அது சென்று சேர்ந்தது. 1887இல் சிங்கப்பூரிலிருந்து ‘சிங்கை நேசன்’ என்னும் தமிழ் வார ஏட்டை மகுதூம் சாயபு அவர்கள் வெளியிடத் தொடங்கினார்கள். கொழும்பு, நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை, பினாங்கு, சிங்கப்பூர் எனக் கப்பல்கள் சென்ற வழியெல்லாம் தமிழ் எழுத்தும் சென்றது என்பதற்கு அக்காலத்து ஏடுகளே சாட்சி.

தம் மக்களைப் புகழ்ந்து மட்டும் எழுதும் பத்திரிகைக்கு வாசகர் எளிதில் கிடைப்பர். மக்களின் குறைகளை அவர்கள் முகத்திற்கு நேரே சொல்லி, அதே வேளையில் அவர்கள் அன்பையும் இழவாமல் இருப்பது கடினம். சித்தி லெப்பை அவர்கள் மேற்கொண்டது இந்தக் கடினமான வழியையே.

எகிப்திலிருந்து வந்த விருந்தினர்

ஏடு தொடங்கி மூன்று வாரங்களே ஆன நிலையில், 1883 ஜனவரியில் எகிப்தின் தலைவர் அஹ்மத் ஒராபி பாஷா அவர்களும் அவர்களின் தோழர்களும் நாடுகடத்தப்பட்டுக் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினர். அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்து நின்று, 1882 செப்டம்பரில் தல்லுல் கபீர் போரில் ஆங்கிலேயரிடம் தோல்வியுற்றவர் அவர். இலங்கை முஸ்லிம்கள் அவரைக் கைதியாகக் காணவில்லை. கண்ணியமிக்க விருந்தினராகவே வரவேற்றனர். சித்தி லெப்பை அவர்களுக்கும் பாஷா அவர்களுக்கும் இடையே உருவான நட்பு, கல்விப் பணிக்குப் பெருந்துணையாயிற்று. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட ஒருவரே, முஸ்லிம் பிள்ளைகள் புதிய கல்வியைக் கற்க வேண்டும் என்று சொல்லும்போது, ‘ஆங்கிலம் படித்தால் ஆங்கிலேயனாகிவிடுவான்’ என்ற வாதம் தானே வலுவிழந்து போனது. 1901ஆம் ஆண்டு தாயகம் திரும்பும் வரை பாஷா அவர்கள் இலங்கையிலேயே வாழ்ந்தார்கள். அவர்கள் வசித்த கண்டி இல்லம் பின்னாளில் அவர்கள் பெயரால் நினைவு நிலையமாக்கப்பட்டது.

கதை வழியே கல்வி

கட்டுரை படிக்காதவரும் கதை கேட்பார் என்பதை அறிந்தவர் சித்தி லெப்பை. 1885ஆம் ஆண்டில் ‘அசன்பேயுடைய கதை’ என்னும் நாவலை வெளியிட்டார்கள். தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறியது 1879இல். ஆறே ஆண்டுகளில் வெளிவந்த இந்நூல் தமிழ் நாவல் வரலாற்றின் தொடக்க வரிசையில் இடம்பெற்றதோடு, இலங்கையில் தோன்றிய முதல் தமிழ் நாவல் என்றும் போற்றப்படுகிறது. இன்று தமிழ் இலக்கியத்தில் முஸ்லிம்களின் பங்கு என்ன என்று கேட்போருக்கு இவ்வொரு நூலே தக்க விடையாகும்.

எகிப்தில் உயர்குடியில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கடத்தப்பட்டுப் பம்பாய் வந்து சேர்ந்த அசன், கல்கத்தாவில் கல்வி பெற்று, பல இன்னல்களைக் கடந்து தாயகம் திரும்புகிறான். கதை இலங்கை மண்ணில் நிகழவில்லை என்பது உண்மையே. எனினும் அதன் உட்பொருள் இலங்கை முஸ்லிம்களுக்கானதே. பிறர் நடுவே வளர்ந்து, ஆங்கிலக் கல்வி பெற்ற பின்னரும், தன் ஈமானையும் நற்குணத்தையும் இழக்காத ஓர் இளைஞனை ஆசிரியர் கண்முன் நிறுத்தினார். பெற்றோரின் அச்சத்திற்குத் தலையங்கத்தில் தந்த பதிலையே கதையிலும் தந்தார்.

ஏட்டிலிருந்து வகுப்பறைக்கு

1884ஆம் ஆண்டில் கொழும்பு புதிய சோனகத் தெருவில் முஸ்லிம் பிள்ளைகளுக்கென ஆங்கிலப் பள்ளியொன்று தொடங்கப்பட்டது. முதல் முயற்சி நீடிக்கவில்லை. அதனால் அவர்கள் மனந்தளரவுமில்லை. 1891இல் கண்டியின் வசதியான வாழ்வைத் துறந்து, கல்விப் பணிக்காகவே கொழும்புக்குக் குடிபெயர்ந்தார்கள். வருமானம் தந்த தொழிலை விட்டு, செலவு மட்டுமே தரும் பணியை ஏற்ற முடிவு அது. அப்பள்ளி ‘அல் மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா’ என்ற பெயரில் மீண்டும் உயிர்பெற்றது. இம்முயற்சிகளின் தொடர்ச்சியாக 1892 ஆகஸ்ட் 22ஆம் நாள், ஒராபி பாஷா அவர்களின் முன்னிலையில், மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில் தோன்றியதே இன்றைய கொழும்பு ஸாஹிராக் கல்லூரி. கொழும்பு அருங்காட்சியகம் உள்ளிட்ட பெருங்கட்டடங்களைக் கட்டிய வாப்பிச்சி மரைக்கார் அவர்கள் இதற்குத் தோள் கொடுத்தார்கள். எழுதத் தெரிந்தவரும் கட்டத் தெரிந்தவரும் கைகோத்தால் ஒரு சமுதாயம் என்ன பெறும் என்பதற்கு நூறாண்டுகளைக் கடந்து நிற்கும் அக்கல்லூரியே சான்று.

இவற்றோடு நில்லாமல், பெண்மக்களின் கல்விக்கெனக் கண்டியில் பள்ளி நிறுவியதும் குறிப்பிடத்தக்கது. பள்ளி இருந்தும் பாடநூல் இல்லையெனில் என்ன பயன் என்று எண்ணி, மாணவர்க்குரிய நூல்களையும் தாமே எழுதினார்கள். 1892இல் ‘ஞானதீபம்’ என்னும் மாத இதழையும், 1897இல் ‘அஸ்ராருல் ஆலம்’ என்னும் ஞான நூலையும் வெளியிட்டார்கள். ஆங்கிலக் கல்விக்காக வாதிட்டவர் மெய்ஞ்ஞானத்தை மறந்தவர் அல்லர் என்பதற்கு அவர்களின் இறுதிக்கால நூலே ஆதாரம்.

எதிர்ப்பும் பொறுமையும்

எதிர்ப்பு இல்லாமல் இப்பணிகள் நடைபெறவில்லை. மார்க்கத்திற்கு மாறானதைப் புகுத்துகிறார் என்ற பழியை அவர்கள் தம் சொந்த மக்களிடமிருந்தே கேட்க நேர்ந்தது. ஓர் இமாம் என்ற முறையில் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குவது என் கடமை எனக் கருதுகிறேன். பழமையைக் காக்க விரும்பியோர் அனைவரும் தீய எண்ணம் கொண்டவர்கள் என்று எழுதிவிடுவது எளிது, அது நீதியாகாது.

அதே காலத்தில் கீழக்கரையைச் சேர்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் ஊர் ஊராகச் சென்று மக்தபுகளையும் மத்ரஸாக்களையும் தழைக்கச் செய்து, அரபுத் தமிழில் நூல்கள் இயற்றி, மக்களின் மார்க்க அறிவைப் பேணிவந்தார்கள். வெலிகமையின் பாரி மத்ரஸா 1884இல் தோன்றியது; கொழும்பில் ஆங்கிலப் பள்ளி தோன்றியதும் அதே ஆண்டே. ஒருவர் மத்ரஸாவின் வழியாகவும், மற்றவர் பத்திரிகை, பள்ளிக்கூடத்தின் வழியாகவும் உழைத்தனர். இருவரும் 1898ஆம் ஆண்டிலேயே இறையடி சேர்ந்தனர். சித்தி லெப்பை அவர்கள் அவ்வாண்டு பிப்ரவரி 5ஆம் நாள் வஃபாத்தானார்கள். அப்போது அவர்களுக்கு வயது அறுபது கூட நிறையவில்லை. 1977இல் இலங்கை அரசு அஞ்சல்தலை வெளியிட்டு அவர்களைக் கௌரவித்தது. அவ்விருவரில் ஒருவரை ஏற்று மற்றவரைத் தள்ளும் சமுதாயம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடப்பதற்கு ஒப்பாகும்.

நம் மஹல்லாவுக்கு

அன்புச் சகோதரர்களே! நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அருளப்பட்ட முதல் இறைச்செய்தியே வாசிப்பையும் எழுதுகோலையும் பற்றியது என்பதை நாம் மேடைதோறும் பேசுகிறோம். அவ்வாறு பேசும் நம் இல்லங்களில் தமிழ் ஏடு ஒன்றைத் தடையின்றி வாசிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? கைப்பேசியில் வரும் செய்தியை விசாரியாமல் அடுத்தவருக்கு அனுப்பிவைக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்? வரும் செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும் என்பது நம் மார்க்கத்தின் கட்டளை. செய்தி ஓர் அமானிதம் என்பதை அறிந்தவர்களே அதை எழுதவும் பரப்பவும் தகுதியுடையோர்.

நம் பள்ளிவாசல் நூலகத்தின் அலமாரிகள் மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்திலேனும் திறந்திருக்கட்டும். மக்தப் பிள்ளைகள் வாரம் ஒரு பக்கமாவது தாமே தமிழில் எழுதிப் பழகட்டும். பெண்பிள்ளைகளும் அதில் சமமாகப் பங்கு பெறட்டும். எழுதும் ஆற்றல் உடைய இளைஞர்களை இதழியல் பயில ஊக்குவிப்போம். அவர்கள் நம் குறைகளை எழுதும்போது சினம் கொள்ளாதிருக்கவும் பழகுவோம். ‘முஸ்லிம் நேசன்’ ஆசிரியருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.

கல்விக்காகத் தம் செல்வத்தையும் காலத்தையும் ஈந்த அந்த நல்லாரின் பிழைகளைப் பொறுத்து, கப்ரை ஒளிமயமாக்கி, உயர்ந்த சுவனபதியை வல்ல அல்லாஹ் அவர்களுக்கு அருள்வானாக! அவர்கள் கண்ட கனவை நம் பிள்ளைகளின் கைகளில் நனவாக்குவானாக! ஆமீன்.