திறவாமல் காணும் கலை

1895-இல் ரோன்ட்கன் ஊடுகதிரைக் கண்டறிந்தபோது, மனித உடல் இனி எதையும் மறைக்க இயலாது என்று பலரும் எண்ணினர். எலும்பு தெரிந்தது, எலும்புக்குள் உறையும் மூளையோ தெரியவில்லை. ஓயாத தலைவலி, காலை வாந்தி, தள்ளாடும் நடை என்று கொண்டுவரப்பட்ட குழந்தையின் சிறுமூளையில் கட்டி உண்டா என்பதை மருத்துவர் புறக்குறிகளைக் கொண்டே உய்த்துணர வேண்டியிருந்தது. உய்த்துணர்வு பிழைத்தால், கட்டியில்லாத இடத்தைக் கத்தி திறந்தது.

1918-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வால்டர் டாண்டி என்னும் இளம் அறுவை மருத்துவர் ஒரு வழி கண்டார். கைக்குழந்தையாயின் உச்சிக்குழி வழியாகவும், வளர்ந்த பிள்ளையாயின் மண்டையோட்டில் துளையிட்டும் மூளையின் உள்ளறைகளிலிருந்து நீரை எடுத்து, அவ்விடத்தில் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். அறை நசுங்கியோ விலகியோ தெரிந்தால் அருகே கட்டி உண்டென்று அறியலாம். முதன்முதலில் இவ்வாறு படமெடுக்கப் பெற்றோர் குழந்தைகளே.

இங்கு நாம் சற்று நின்று எண்ண வேண்டும். அம்முறை கட்டியைக் காட்டவில்லை. கட்டியால் உருக்குலைந்த வெற்றிடத்தையே காட்டியது. அந்த அறிவுக்குக் குழந்தைகள் கொடுத்த விலை கடும் தலைவலியும் வாந்தியும்; சில வேளைகளில் உயிருமாகும். ஆயினும் இருளில் கத்தி வைப்பதினும் அது மேலானதாயிருந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இதுவும், 1927-இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் தொடங்கிய மூளை இரத்தக்குழாய்ப் படமுமே மருத்துவருக்குப் பெருந்துணையாயின.

1971 அக்டோபர் முதல் நாள், இலண்டனின் விம்பிள்டனில், காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவி முதன்முறையாக ஒரு நோயாளியின் மூளையைக் குறுக்குவெட்டாகக் காட்டியது. துளையில்லை, காற்றில்லை. சி.டி. ஸ்கேன் பிறந்தது. 1973-இல் பால் லாட்டர்பர் வெளியிட்ட காந்தப்படம், ஊடுகதிரும் வேண்டாத எம்.ஆர்.ஐ.க்கு வழிவகுத்தது.

இன்று கட்டியின் இடத்தையும் பரப்பையும் அறுவைக்கு முன்பே அறிகிறோம். மூளைத்தண்டில் பரவி நிற்கும் சில கட்டிகளைப் படத்தைக் கொண்டே பெரும்பாலும் உறுதி செய்கின்றனர். ஆயினும் பிற பல கட்டிகளின் இயல்பைத் திசுவும் மரபணுச் சோதனையுமே முடிவாகச் சொல்கின்றன. படம் தெளிவானதால் நோய் எளிதாகிவிடவில்லை. மூளைத்தண்டில் பரவிய கட்டியை நன்கு காண்கிறோம். குணமாக்கவோ இன்னும் அறியோம்.

எனினும் இவ்வரலாறு நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது: பிறர் துன்பத்தில் கைவைக்குமுன் அதை உற்று நோக்குவது நம் கடமை. அந்த நோக்கே புதிய காயமாகிவிடாமல் காப்பது அதனினும் பெரிய கடமை.